ஆலையில் பழகிய பேச்சு

ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பேசவும் கேட்கவும் முறையாகக் கற்றுத்தரும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் உருவானது. உற்பத்தி கூட வேண்டும், வேலைநிறுத்தம் குறைய வேண்டும், சேர்ந்த ஆள் நிலைத்து நிற்க வேண்டும் என்பவையே முதலாளிகளின் கணக்கு. தொழிலாளியின் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைப்பது யாருடைய திட்டத்திலும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் முதல் நாளிலிருந்தே வீட்டு விவகாரம் இந்தப் பயிற்சிக்குள் வந்து நின்றது. கற்ற பேச்சும் வேலை முடிந்த தொழிலாளியோடு வீடு திரும்பியது. சிகாகோவின் தொலைபேசி ஆலையில் தொடங்கிப் பெங்களூரின் தையல் ஆலைகள்வரை வரும் இந்த வரலாற்றுக்கு ஏறத்தாழ நூறு வயது.

கேட்கத் தொடங்கிய ஆலை

சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாவ்தோர்ன் ஆலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில் உச்சக் காலத்தில் ஏறக்குறைய 40,000 பேர் வேலை பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்ற சோதனை 1924இல் அங்கே தொடங்கியது. 1927இல் ரிலே என்ற மின்கருவியைப் பூட்டும் பெண்களில் சிலரைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எல்டன் மேயோவும் ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் பின்னர் இந்த ஆய்வில் சேர்ந்தார்கள்.

பேச்சுப் பயிற்சியின் வித்து இந்தச் சோதனைகளைவிட, 1928 செப்டம்பரில் தொடங்கிய பேட்டித் திட்டத்தில்தான் இருந்தது. மேற்பார்வை எப்படி, வேலையிடம் எப்படி, வேலை எப்படி என்று முன்கூட்டியே எழுதிய கேள்விகளோடு பேட்டியாளர்கள் தொழிலாளர்களை அணுகினார்கள். தொழிலாளர்களோ கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததைப் பேசத் தொடங்கினார்கள். 1929இல் கேள்வித்தாள் கைவிடப்பட்டது. அவர்கள் போக்கிலேயே பேச விட்டபோது, அரை மணியில் முடிந்த பேட்டி ஒன்றரை மணி நேரம் நீண்டது. 1930க்குள் 21,126 பேர் பேசியிருந்தார்கள்.

நோயும் கடனும் பிள்ளைகளும் மணவாழ்க்கையும் அந்தப் பேச்சில் வந்தன. எண்ணிக்கைக்கேற்ற கூலியான பீஸ் ரேட் மிகவும் குறைவு என்று குறைப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து பேச விட்டபோது, அவர் மனைவி மருத்துவமனையில் இருப்பதும் வைத்தியச் செலவு அவரை வாட்டுவதும் தெரியவந்தன. ஒரு குறையின் வெளிச்சொல்லும் உள்ளிருக்கும் சுமையும் வேறு வேறாக இருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். எதிர்வாதம் செய்யக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, சொல்வதைக் கேட்பதோடு சொல்லத் தயங்குவதையும் கவனிக்க வேண்டும் என்று பேட்டியாளர்களுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் 1939இல் வெளியிட்ட பெருநூல் இவற்றைப் பதிவு செய்தது.

இதே நிறுவனம் 1936இல் ஆலைக்குள்ளேயே ஆலோசகர்களை அமர்த்தியது. அவர்கள் தளத்தில் நடமாடித் தொழிலாளர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். கேட்டதை மேலாளரிடம் சொல்ல மாட்டார்கள். 20 ஆண்டுகள் நடந்து 1956இல் முடிந்த அந்தத் திட்டத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. கூலி குறைவு என்ற நியாயமான குறையைக் குடும்பக் கவலை என்று பெயர் மாற்றி ஆற்றிவிடுவது எளிது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதால் பீஸ் ரேட் போதுமானதாகிவிடாது. பேச விடுவது கூலிக்கு ஈடாகுமா என்ற கேள்வி பின்னால் வந்த எல்லாப் பயிற்சிகளையும் தொடர்ந்தது.

போர்க்காலத்தின் நான்கு படிகள்

கேட்கும் வேலையை ஆலோசகரிடமிருந்து மேற்பார்வையாளரிடம் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். போர்த் தளவாட ஆலைகளுக்குள் புதிய தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். அவர்களை நடத்தத் தெரிந்த மேற்பார்வையாளர்கள் போதவில்லை. 1940இல் அமெரிக்க அரசு டி.டபிள்யூ.ஐ. என்ற ஆலைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வேலையைக் கற்றுத்தருவது, வேலை முறையைத் திருத்துவது, ஆட்களோடு உறவைப் பேணுவது என்று அதில் மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு, இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகளில் நடந்தது. போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சான்றிதழ் பெற்றார்கள்.

உறவைப் பற்றிய பாடம் நான்கு படிகளில் அடங்கியது. நடந்ததைத் திரட்டு, எடை போட்டு முடிவெடு, செயல்படு, விளைவைப் பார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு அட்டையில் இவை அச்சிடப்பட்டிருந்தன. சம்பந்தப்பட்டவரின் கருத்தையும் உணர்வையும் கேட்டறிவதும் முதல் படியைச் சேர்ந்தது. வகுப்புக்கு வருபவர் தம் ஆலையில் நடந்த ஒரு சிக்கலைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் அலச வேண்டும். வேலைக்கு வராதவரையும் வந்து முறைப்பவரையும் அலசும்போது பேச்சு அடிக்கடி அவர்கள் வீட்டு நிலைமைக்குப் போனது. ஹாவ்தோர்னில் ஓர் ஆலையின் ஆய்வாக இருந்தது, பத்து மணி நேரத்தில் கற்கக்கூடிய கைத்தொழிலாயிற்று.

ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே

உற்றுக் கேட்டல் என்பதைத் தனிக் கலையாக்கியவர் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். அவரும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் எழுதிய சிறுநூல் அந்தச் சொல்லாட்சியைப் பரப்பியது. அதை வெளியிட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழில் உறவு மையம். மேற்பார்வையாளர்களையும் மேலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த நூல், எதிராளி சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்கும் பழக்கத்தை வலியுறுத்தியது.

ரோஜர்ஸின் மாணவர் தாமஸ் கார்டன், நிறுவனங்களுக்குத் தலைமைப் பயிற்சி பற்றி ஆலோசனை சொல்லிவந்தவர். 1955இல் குழுத் தலைமை பற்றி நூல் எழுதிய அவர், 1962இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பெற்றோருக்கான வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, சண்டை வந்தால் இரு தரப்பும் தோற்காமல் எப்படித் தீர்ப்பது என்பது பாடம். 1970இல் அது நூலாகி உலகெங்கும் பரவியது. 1977இல் அதே முறையை மேலாளர்களுக்கு எழுதினார். ஆலையில் பயன்பட்ட முறை வீட்டுக்குப் போய், வீட்டில் மெருகேறி, மறுபடி ஆலைக்குத் திரும்பியது.

கார்டனின் பாடத்தில் ஒரு கூறு குறிப்பிடத்தக்கது. ‘நீ’ என்று தொடங்கும் வாக்கியம் எதிராளியைச் சுட்டும். ‘நான்’ என்று தொடங்குவது பேசுபவரின் நிலையைச் சொல்லும். தமிழில் இது ‘எனக்கு’ என்ற சொல்லில் அமைகிறது. “நீ என்னைக்குமே நேரத்துக்கு வந்ததில்ல” என்பது குற்றப்பத்திரிகை. “எட்டு மணி ஆயிடுச்சு, புள்ளைக்கு யாரு சோறு போடுவாங்கன்னு எனக்குப் பதறிப்போச்சு” என்பது செய்தி. முதலாவதற்கு எதிர்ச்சண்டை போடலாம். இரண்டாவதற்குப் பதில்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வுகள் கண்ட ஒழுக்கு

வேலையிடத்தின் சாயல் வீட்டில் படிவதைச் சமூகவியல் ஆய்வுகள் தனியே கண்டறிந்தன. மெல்வின் கோன் 1969இல் வெளியிட்ட நூல் இதில் முன்னோடி. கண்காணிப்புக்குக் கீழே, சொன்னதைச் செய்து பிழைப்பவர்கள் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்க்கிறார்கள். தாமே முடிவெடுத்து வேலை செய்பவர்கள் பிள்ளைகளின் சுயபுத்தியை மதிக்கிறார்கள் என்று அவர் காட்டினார். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களை ஆராய்ந்த ரீனா ரெப்பெட்டி, வேலைப்பளு மிகுந்த நாட்களில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்து ஒதுங்குவதை 1989இல் பதிவு செய்தார். வாய் மூடி நிற்பதும் வேலையிடம் அனுப்பிவைக்கும் சரக்குதான்.

இந்த வரலாற்றுக்கு மிக நெருங்கியது ஆன் குரவுட்டரின் 1984ஆம் ஆண்டு ஆய்வு. தொழிலாளர்கள் குழுவாகக் கூடி முடிவெடுக்கும் ஓர் அமெரிக்க ஆலையில் அவர் பலரையும் பேட்டி கண்டார். குழுக் கூட்டத்தில் பழகிய கேட்கும் முறையையும் கலந்து முடிவெடுக்கும் முறையையும் வாழ்க்கைத் துணையிடமும் பிள்ளைகளிடமும் கையாள்வதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆலையில் பேச்சு வகுப்பறையோடு நின்றுவிடவில்லை என்பது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் தொழிலாளியின் சொல்லுக்கு அன்றாடம் மதிப்பிருந்தது. எடுபட்ட பேச்சே பழக்கமாகும். பழக்கமானதே வீடுவரை வரும்.

இந்தியாவுக்கு வந்த வழி

அகமதாபாத் பஞ்சாலைகளுக்காக 1947இல் உருவான அட்டிரா ஆய்வு நிறுவனத்தில் உளவியலாளர் கமலா சௌத்ரி, தொழிலாளர் மனநிலையையும் ஆலை உறவுகளையும் ஆராய்ந்தார். 1950களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் வழியாக டி.டபிள்யூ.ஐ. பாடங்கள் இந்திய ஆலைகளுக்கு வந்தன. இவை பெரும்பாலும் மேற்பார்வையாளர்களுக்கானவை.

தொழிலாளிக்கே கல்வி தருவதற்காக மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் 1958இல் அமைக்கப்பட்டது; அதன் தலைமையிடம் நாக்பூரில் இருந்தது. தொழிற்சங்கம், சட்டம், உரிமை என்று தொடங்கிய அதன் வகுப்புகளில், தொழிலாளியும் வாழ்க்கைத் துணையும் சேர்ந்து வந்து உட்காரும் வாழ்க்கைத்தரப் பயிற்சியும் பின்னர் இடம்பெற்றது. ஆலை வேலையும் குடும்பமும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதை அரசு அமைப்பு ஒன்று பாடத்திட்டத்திலேயே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

அடுத்த அலை ஏற்றுமதித் தையல் ஆலைகளோடு வந்தது. நாடுகளுக்கிடையிலான ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும், விலையில் மட்டுமல்ல, தொழிலாளர் நடத்தப்படும் விதத்திலும் வாங்கும் நிறுவனங்களின் பார்வை விழுந்தது. இலங்கையில் எம்.ஏ.எஸ். நிறுவனம் தன் ஆலைப் பெண்களுக்கான திட்டத்தை 2003இல் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் கேப் நிறுவனம் 2007இல் பேஸ் என்ற பயிற்சியை இந்தியாவில் தொடங்கியது. பெண்கள் குறித்த சர்வதேச ஆய்வு மையமும் பெங்களூரின் ஸ்வஸ்தி அமைப்பும் அதை வடிவமைப்பதில் பங்கெடுத்தன.

பெங்களூரின் தையல் லைன்கள்

பெங்களூரின் தையல் ஆலைகளில் பெரும்பாலோர் பெண்கள். கர்நாடகக் கிராமங்களிலிருந்து வந்தவர்களோடு தமிழும் தெலுங்கும் பேசுபவர்களும், பின்னாட்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரு லைனில் ஒருவர் காலர், அடுத்தவர் கை, அதற்கடுத்தவர் பட்டன் பட்டி என்று துணி கைமாறிப் போகும். ஓரிடத்தில் பீஸ் தேங்கினால் பின்னால் இருப்பவரின் டார்கெட்டும் விழும். சூப்பர்வைசரின் சத்தம் அங்கிருந்து தொடங்கும். திட்டு வாங்கியவர் பக்கத்து மெஷின்காரியிடம் எரிந்துவிழுவார்; மிச்சம் வீட்டுக்குப் போகும்.

பேஸ் பயிற்சி சுமார் 80 மணி நேரம். பேச்சு, சிக்கலைத் தீர்த்தல், முடிவெடுத்தல், நேரத்தையும் மன அழுத்தத்தையும் கையாளுதல், உடல்நலம், பணக் கணக்கு, சட்ட அறிவு ஆகியவை பாடங்கள். ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் 2013-14இல் இதன் விளைவு அளக்கப்பட்டது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்திருந்ததால் குலுக்கல் முறையில் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட அது வசதியாயிற்று. அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நைஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் செய்த அந்த ஆய்வின் இறுதி வடிவம் 2023இல் வெளியானது. பயிற்சி முடிந்தபின் பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் கூடியிருந்தது. அதே லைனில் இருந்த, பயிற்சி பெறாதவர்களின் வேலையும் முன்னேறியது. செலவிட்ட பணத்துக்கு நிறுவனம் கண்ட நிகர ஆதாயம் பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில் 250 சதவீதத்தைத் தாண்டியது. கூலியோ ஏறக்குறைய அரை சதவீதம்தான் உயர்ந்தது.

பொருளியலாளர்கள் அளந்தது ஆலையை. பேஸ் பயிற்சியை மதிப்பிட்ட மற்ற ஆய்வுகளில் பெண்கள் வீட்டைப் பற்றியும் பேசினார்கள். கணவரிடமும் மாமியாரிடமும் பதற்றமின்றிப் பேச முடிவதாகவும், செலவு பற்றிய முடிவுகளில் தங்கள் சொல் எடுபடுவதாகவும் பலர் சொன்னார்கள்.

வகுப்பில் கற்றது வீட்டில் செய்வது

ஆலைத் தொழிலாளி வீட்டில் எழும் சண்டைகள் பெரும்பாலும் ஆலையோடு பிணைந்தவை. ஓவர்டைம் முடிந்து தாமதமாக வருவது, சம்பளம் விழும் வங்கிக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பது, சூப்பர்வைசரிடமிருந்து வரும் போன், ஷிப்ட் மாறும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முறை, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை. ஆலை உண்டாக்கிய சிக்கலுக்கு ஆலைப் பயிற்சி பொருந்திவருவதில் வியப்பில்லை.

முதலில் கற்பது, ஆளையும் செயலையும் பிரிப்பது. செக்கிங்கில் திரும்பி வந்த துணியைப் பற்றிப் பேசும்போது, தைத்தவளின் குணத்தைப் பேசாமல் தையலைப் பேசப் பழக்குகிறார்கள். அதே பழக்கம் வீட்டில் கரண்ட் பில் கட்ட மறந்தவரின் பரம்பரையை இழுக்காமல் பில்லை மட்டும் பேச வைக்கிறது. இரண்டாவது, நேரம் பார்ப்பது. டார்கெட் நெருக்கும் கடைசி மணியில் குறை சொன்னால் எடுபடாது என்று லைனில் கற்றவருக்கு, வாசல்படி ஏறியதும் சண்டையைத் தொடங்கக் கூடாது என்பதும் புரிகிறது. மூன்றாவது, இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்பது. “யாரும் எனக்கு ஒத்தாசை இல்ல” என்பதைவிட, “செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தண்ணி நீங்க பிடிச்சு வைங்க” என்பதற்குச் சரி அல்லது முடியாது என்று பதில் கிடைக்கும். நான்காவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது. லைனில் அளவு தவறாமல் இருக்க உதவும் இது, வீட்டில் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்ற சண்டையைத் தடுக்கிறது.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கு எதிரான பழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கிறது: ஜாடை பேசுவது. மருமகளைத் திட்ட வேண்டுமானால் பாத்திரத்தைத் திட்டுவது, கணவனிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்வது. நேரே பேசினால் மரியாதைக் குறைவு என்ற நிலையில் ஜாடை ஒரு பாதுகாப்பு. ஆனால் அதில் குறை வெளிவருமே தவிர, கேட்டவர் பதில் சொல்ல வழியிருக்காது. நேருக்கு நேர் பேசினாலும் மரியாதை கெடாமல் பேசலாம் என்பதை ஆலை வகுப்பில் நடித்துப் பார்க்கும் பெண்ணுக்கு அது புது வழி. ‘வாங்க, போங்க’ மாறாமலே மறுப்புச் சொல்லலாம் என்பதை அங்கே வாய்விட்டுப் பழகுகிறார்.

எல்லைகள்

பேச்சுப் பயிற்சி எல்லாச் சண்டைக்கும் மருந்தல்ல. பேசித் தீரும் சச்சரவு வேறு. அடி உதை வேறு. சச்சரவில் இரு தரப்புக்கும் இறங்கிவர இடமிருக்கிறது. வன்முறையில் ஒருவர் பயத்தில் இருக்கிறார். அவரை இன்னும் பக்குவமாகப் பேசச் சொல்வது பழியை அவர் மேல் சுமத்துவதாகும். இந்தியாவில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. வன்முறை நடக்கும் வீட்டில் உதவுவது அந்தச் சட்டமும் பாதுகாப்பு அதிகாரியும்தான். பயிற்சியாளர் செய்யக்கூடியது அந்த வழியைக் காட்டுவது.

பெண்களுக்கு மட்டும் கற்றுத்தருவதும் பாதி வேலைதான். டாக்காவின் தையல் ஆலைகளில் நடந்த ஹெர்ரெஸ்பெக்ட் திட்டம், பெண் தொழிலாளர்களோடு ஆண் தொழிலாளர்களையும் மேலாளர்களையும் அமர்த்தி, ஆலையில் நடக்கும் வன்முறையையும் வீட்டில் நடப்பதையும் ஒன்றாகப் பேச வைத்தது.

மூன்றாவது எல்லை, ஹாவ்தோர்னில் எழுந்த பழைய கேள்வி. பெங்களூர் ஆய்வில் உற்பத்தித் திறன் 13.5 சதவீதமும் கூலி அரை சதவீதமும் ஏறியது அதற்கு இன்றைய வடிவம். வீட்டுச் சண்டைக்குக் காரணம் பணத்தட்டுப்பாடாக இருக்கும்போது, பேச்சு அதைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது. லைனில் வாய் திறந்தால் வேலை போகும் என்ற ஆலையில் எத்தனை மணி நேரம் வகுப்பெடுத்தாலும் அது வீடுவரை வராது. இதற்கு மாற்றான ஏற்பாடு 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் உருவானது. பாலியல் துன்புறுத்தலை ஒழிப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் கையெழுத்திட்டன. வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் தனி உடன்பாட்டால் கட்டுப்பட்டன. பயிற்சியோடு, தளத்தில் கண்காணிக்கும் தொழிலாளர்களையும் குறைதீர்ப்பு முறையையும் அது சேர்த்தது. பேசக் கற்பித்ததோடு, பேசியவர் மேல் கை வைக்க முடியாத காவலும் அமைந்தது.

நூறாண்டு அனுபவம் சொல்வது இது: ஆலையில் கற்ற பேச்சு, ஆலையிலேயே எடுபடும் இடங்களில்தான் வீட்டிலும் பலிக்கிறது. வீட்டையும் ஆலையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது இன்று சர்வதேசச் சட்டத்திலும் ஏறிவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆம் உடன்படிக்கை, குடும்ப வன்முறை வேலையிடத்தைப் பாதிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, இயன்றவரை அந்தப் பாதிப்பைக் குறைக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. அது 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது.